மண்ணில் செல்வம், வீட்டில் வறுமை



அண்மையில் ஆறாம் ஆண்டு வகுப்பில் என் கைப்பேசியைக் காட்டி, இத்தகைய கருவிகளின் மின்கலத்தில் கோபால்ட் என்னும் உலோகம் உண்டு; அதில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலுள்ள கொங்கோ சனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது என்று கூறினேன். ஒரு மாணவி எழுந்து, "அப்படியென்றால் அந்நாட்டு மக்கள் பணக்காரர்கள்தானே, ஐயா?" என்றாள். "இல்லையம்மா, பெரும்பாலோர் ஏழைகள்" என்றேன். "ஏன் ஐயா?" என்றாள். தக்க விடை சொல்ல இயலாமல் நின்றேன்.

அன்றிரவு அந்நாட்டின் வரலாற்றைப் புரட்டினேன். பெல்ஜியத்தின் ஆட்சியில் கட்டாங்கா வட்டாரத்துச் செம்பைத் தோண்டியது, 1906இல் தொடங்கப்பட்ட ஒரு பெல்ஜிய நிறுவனம். 1945இல் ஹிரோஷிமாவில் வீசப்பட்ட அணுகுண்டுக்கான யுரேனியத்தின் பெரும்பகுதியும் அவ்வட்டார மண்ணில் கிடைத்ததே. 1960 ஜூன் 30இல் நாடு விடுதலை பெற்றது. பதினொன்றாம் நாளே கட்டாங்கா, பெல்ஜியத்தின் துணையோடு, தனிநாடு என்று அறிவித்துக்கொண்டது. முதல் பிரதமர் லுமும்பா 1961 ஜனவரியில் அங்குதான் கொல்லப்பட்டார். விடுதலை கிடைத்தது; சுரங்கம் கிடைக்கவில்லை.

2024இல் உலகில் தோண்டப்பட்ட கோபால்ட்டில் 70 விழுக்காட்டுக்கும் மேல் கொங்கோவினுடையது. ஆயினும் பெரிய சுரங்கங்கள் பல சீன நிறுவனங்களின் கையில் உள்ளன. தூய்மைப்படுத்தும் ஆலைகளும் பெரும்பாலும் சீனாவிலேயே இருக்கின்றன. விலை வீழ்ந்தபோது, 2025 பிப்ரவரியில் கொங்கோ அரசு ஏற்றுமதியை நிறுத்திவைத்தது; அக்டோபரில் ஏற்றுமதிக்கு அளவு வகுத்தது. விலையில் தனக்கும் ஒரு சொல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். உள்நாட்டு ஊழலும் போரும் மக்களுக்கு வரவேண்டியதை மேலும் குறைத்துவிட்டன. கையால் கனிமம் தோண்டுவோரிடையே சிறுவர்களும் இருப்பதை 2016இல் அம்னெஸ்டி அமைப்பு வெளியிட்ட அறிக்கை எடுத்துரைத்தது.

மறுநாள் வெண்பலகையில் 'மண், கல், தூள், மின்கலம், கைப்பேசி' என வரிசையாக எழுதி, "பணம் எங்கே மிகுதியாகச் சேரும்?" என்று கேட்டேன். பலரும் மண்ணைக் காட்டினர். அந்த மாணவி மட்டும் கைப்பேசியைக் காட்டி, "செய்யத் தெரிந்தவர்களிடம்தான் ஐயா" என்றாள். சற்றுப் பொறுத்து, "தோண்டும் பிள்ளைகள் பள்ளிக்குப் போனால்தானே செய்யக் கற்றுக்கொள்வார்கள்?" என்றும் கேட்டாள்.

என் ஓரிரவுப் படிப்பை அவள் ஒரே கேள்வியில் அடக்கிவிட்டாள். பெற்றோர்களே, பிள்ளைகளிடம் கைப்பேசியைக் கொடுக்கும்போது இக்கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.