உன்னை

கடைசிப் பாட்டு முடியும் முன்பே சென்னைக் கோயிலில் சாவிக்கொத்துகள் குலுங்கத் தொடங்கிவிடும். பின்னால் நிறுத்தியவர் ஹார்ன் அடிப்பதற்குள் வண்டியை எடுத்தாக வேண்டும். போன ஞாயிறு நானும் பாதி எழுந்துவிட்டேன். சட்டையை யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள். திரும்பிப் பார்த்தால், பெஞ்சில் துருத்திக்கொண்டிருந்த ஆணி.

ஆச்சி இப்படித்தான் இழுப்பாள். "ஆசீர்வாதம் வாங்காம எங்கல ஓடுத?"

எங்கள் ஊர் மெய்ஞானபுரம் பக்கம், செம்மண் தேரியை ஒட்டி. நல்ல உயரமான பனையில் ஏறினால் மெய்ஞானபுரம் கோயிலின் 192 அடிக் கோபுரம் தெரியும் என்று சித்தப்பா சொல்வார். எங்கள் கோயிலுக்குக் கோபுரமெல்லாம் கிடையாது. குருவானவரான ஐயர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார், நற்கருணை கொடுக்க. மற்ற ஞாயிறுகளில் உபதேசியார். உபதேசியார் நன்றாகவே பிரசங்கம் செய்வார், பாடவும் செய்வார். ஆனால் கடைசியில் கையை உயர்த்த மாட்டார். குருப்பட்டம் பெறாதவர் சபையை ஆசீர்வதிக்கக் கூடாது. அவர் சொல்லும் முடிவு ஜெபம் 'நம்மெல்லாரோடும்' என்று வரும். ஐயர் சொன்னால் 'உங்களோடு'. பவுல் கொரிந்தியருக்கு இந்த வரியை எழுதும்போது 'உங்கள்' என்றுதான் எழுதினார். அதை 'நம்' ஆக்கியது ஆங்கிலத் திருச்சபையின் ஜெபப் புத்தகம். ஆச்சிக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. "பாவம், உபதேசியார் தனக்கும் சேத்துக் கேக்காரு" என்பாள்.

ஐயர் வரும் ஞாயிறு அவர் கையைத் தூக்கியதும் ஆச்சி முந்தானையை இழுத்துத் தலையில் போடுவாள், மிச்சத்தை என் தலைமேலும். உள்ளே கருப்பட்டிப் புகை வாசம். துணியின் இழை வழியாக ஐயரின் இரண்டு கைகளும் மங்கலாகத் தெரியும். எனக்குப் பசிக்கும்.

என்னைப்போல் சலிப்புற்ற பையன்களைப் பற்றி ஒரு கதை உண்டு. 1979-இல் எருசலேமின் பழைய நகருக்கு வெளியே கேத்தேப் இன்னோம் என்ற இடத்தில், காபிரியேல் பர்கே என்ற தொல்லியலாளர் பழைய கல்லறைகளைத் தோண்டிக்கொண்டிருந்தார். உதவிக்கு வந்த சிறுவன் ஒருவன் தொணதொணக்கவே, ஒரு குகையைச் சுத்தம் செய் என்று ஒதுக்கி அனுப்பினாராம். பையன் சும்மா இருக்க முடியாமல் சுத்தியலால் தரையைத் தட்ட, அடியில் இன்னோர் அறை திறந்துகொண்டது. அங்கே கிடைத்த பொருள்களில் சுருட்டிய இரண்டு வெள்ளித் தகடுகளும் இருந்தன. சிறியதை விரித்தால் 4 சென்டிமீட்டர்கூட இல்லை. இரண்டிலும் கீறியிருந்தது, எண்ணாகமம் 6-இல் உள்ள ஆரோனின் ஆசீர்வாதம். ஏறத்தாழ 2,600 வருஷப் பழசு. கழுத்தில் தாயத்தாகக் கட்டியிருப்பார்கள் என்கிறார்கள். தாயத்து என்றால் ஆச்சி கத்தரிக்கோலை எடுத்துவிடுவாள். நல்லவேளை, இது அவள் காதுக்கு எட்டவில்லை.

எங்கள் ஐயர் 'உங்களோடு' என்பதோடு இந்த ஆசீர்வாதத்தையும் சொல்வார். எபிரேயத்தில் பதினைந்தே சொற்கள்: முதல் வரியில் மூன்று, அடுத்ததில் ஐந்து, பிறகு ஏழு. ஒரு கை நீண்டுகொண்டே வருவதுபோல. முழு இஸ்ரவேலையும் பார்த்துச் சொல்லச் சொன்னது, ஆனால் உள்ளே வருவது ஒருமை. தமிழிலும் 'உன்னை'தான். முன்னூறு பேர் முழங்காலில் நிற்க, ஐயர் ஒரே ஆளிடம் பேசுவதுபோல் பேசுவார். கூடவே இன்னொன்றும் எழுதியிருக்கிறது: ஆசாரியன் செய்ய வேண்டியது ஜனங்கள்மேல் கடவுளின் பெயரை வைப்பது மட்டும், ஆசீர்வதிப்பது அவர் வேலை.

வருஷப் பிறப்பு ஆராதனையில் தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் வரும். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். ஒரு வருஷம் ஆச்சிக்கு உபாகமம் 28 விழுந்தது, உயர்த்தி வைப்பார் என்ற பொருளில். சுவரில் ஒட்டினாள். பங்குனியில் சித்தப்பா பனையிலிருந்து விழுந்தார்.

துக்கம் கேட்க வந்த வெளியூர் ஊழியக்காரர் ஒருவர், வீட்டில் ஏதோ ஒரு பாவம் ஆசீர்வாதத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்றார். ஆச்சி அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள். இன்றைக்கும் சாட்சி நேரத்தில் யாராவது எழுந்து, வீடு கட்டினோம், பையன் சிங்கப்பூர் போனான், கர்த்தர் ஆசீர்வதித்தார் என்று சொன்னால் எனக்கு அந்தக் காப்பி டம்ளர்தான் ஞாபகம் வரும். மலைப்பிரசங்கத்தில் இயேசு பாக்கியவான்கள் என்றவர்கள் பட்டியலில் துயரப்படுகிறவர்கள் உண்டு. வீடு கட்டியவர்கள் இல்லை. கத்தோலிக்கர் வாசிக்கும் புதிய மொழிபெயர்ப்பில் பாக்கியவான்கள் 'பேறுபெற்றோர்'. எந்தச் சொல்லைப் போட்டாலும் ஆச்சியை அந்த வருஷம் யாரும் அப்படி அழைத்திருக்க மாட்டார்கள்.

அவள் வாயில் எப்போதும் இருந்த சொல் ஸ்தோத்திரம். மழை வந்தால், ஆடு குட்டி போட்டால், தும்மினால்கூட. எபிரேயத்தில் கடவுள் மனிதனை ஆசீர்வதிப்பதற்கும் மனிதன் கடவுளைத் துதிப்பதற்கும் ஒரே வினைச்சொல்தான். தமிழ் வேதம் அதை இரண்டாகப் பிரித்து, இறங்குவதை ஆசீர்வாதம் என்றும் ஏறுவதை ஸ்தோத்திரம் என்றும் வைத்தது. சித்தப்பா போனபிறகு ஏறுவது நின்றுபோனது. கோயிலுக்கு வருவாள், முந்தானை போடுவாள், வாய் மட்டும் திறக்காது. அட்டையையும் கிழிக்கவில்லை.

அடுத்த பருவத்தில் வேறொருவர் இறக்கிய பதநீரைக் காய்ச்சினாள். கொதி அடங்கி, நுரை சிவந்து, பாகு துடுப்பைப் பிடித்து இழுத்தது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தாள். உருண்டது. "ஸ்தோத்திரம்" என்றாள். சொன்னபிறகுதான் அவளுக்கே கேட்டது போலிருக்கிறது. துடுப்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பாகு இறுகிவிடும் என்று நான் கத்தியதும்தான் சிரட்டைகளில் ஊற்ற ஆரம்பித்தாள்.

கடைசியாக அவள் படுக்கையில் கிடந்தபோது ஐயர் ஊரில் இல்லை. உபதேசியார்தான் வந்தார். வழக்கம்போல் 'நம்மெல்லாரோடும்' என்று முடித்தார். ஆச்சி கையை அசைத்தாள். தண்ணீர் கேட்கிறாள் என்று அவர் குனிந்தார். அந்தக் கை அவர் தலைமேல் போய் நின்றது. விரல் நுனியெல்லாம் பாகு சுட்ட தழும்பு. பதினைந்து சொற்களும் அவளுக்கு நினைவில் இல்லை. இரண்டோ மூன்றோ வந்தது, அதில் ஒன்று 'உன்னை'. எங்கள் ஊரில் உபதேசியாரை அதற்கு முன் யாரும் ஒருமையில் அழைத்ததில்லை.