பிராதும் மனுவும்

ஏப்ரல் 6, ஞாயிறு

மில் ரூம் அண்ணனுக்கு இன்று படத்திறப்பு. செராமிக் தொழிற்பேட்டையில் பக்கத்துப் பட்டறை ஆட்களும் வந்திருந்தார்கள். மாலை போட்டு முடித்துப் பந்தலில் உட்கார்ந்ததும், அவர் பெயரில் ஏதாவது செய்யணும் என்று பேச்சு வந்தது. சூளைக்காரர் நீர்மோர்ப் பந்தல் என்றார். விருத்தாசலத்துச் சித்திரை வெயிலுக்கு நல்ல காரியம்தான். பேக்கிங் தம்பி மட்டும், "சென்னையில கம்பெனி கம்பெனியா டீ-ஷர்ட் போட்டுக்கிட்டு நடக்கறாங்களே, அந்த மாதிரி நாமளும் நடந்து பணம் சேர்க்கலாமாக்கா?" என்றான். ஐஐடி வளாகத்தில் வருஷாவருஷம் நடக்கும் டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டத்துக்கு அவன் மாமா பையன் போயிருக்கிறானாம்.

சேர்கிற பணம் யாருக்கு என்று கேட்டார்கள். எக்ஸ்ரேவுக்கு என்றேன். அண்ணனோடு மண் கலந்தவர்கள், பிசிறு சுரண்டுகிறவர்கள், எல்லாருடைய நெஞ்சையும் படம் எடுத்துப் பார்க்க. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

டெர்ரி ஃபாக்ஸ் கதையை மதியச் சோற்று வேளையில் சொன்னேன். புற்றுநோயால் ஒரு காலை இழந்த கனடா இளைஞர். 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு ஓடத் தொடங்கி, 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்கு வந்ததால் நிறுத்த வேண்டியதாயிற்று. மறு வருஷம் ஜூனில் இறந்தார். அவர் பெயரில் உலகம் முழுக்க இன்னும் ஓடுகிறார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்றும் அதே கனடாவில் இருக்கிறது. வேலையிடத்து விபத்திலும் வேலை கொடுத்த நோயிலும் ஆளை இழந்த குடும்பங்களுக்காக ‘ஸ்டெப்ஸ் ஃபார் லைஃப்’ என்று ஊர் ஊராக நடக்கிறார்கள். கம்பெனி ஆட்கள் அணி அணியாக வருகிறார்கள். வேலையில் உயிர்விட்டவர்களை நினைக்க ஏப்ரல் 28 என்று ஒரு நாளே இருக்கிறது. இந்த வருஷம் அது திங்கட்கிழமை. பேட்டைக்கு விடுமுறை ஞாயிறுதான், அதனால் 27 என்று முடிவாயிற்று.

எங்கே நடப்பது என்பதில் வாக்குவாதமே இல்லை. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில்.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று மில் ரூமில் நின்று பார்த்தேன். அண்ணன் இடத்தில் இப்போது ஒரு புதுப் பையன். பால் மில் என்கிற உருளைக்குள் அரைபடுவது தண்ணீரோடுதான், அங்கே பொடி பறப்பதில்லை. அதற்கு முந்தின வேலைதான் ஆளைக் கொல்கிறது. குவார்ட்ஸ் மூட்டையின் வாயைக் கத்தியால் கிழித்து, தோளில் சாய்த்து, மில் வாயில் கொட்டுகிறான். கொட்டி முடித்த காலிச் சாக்கைத் தலைகீழாகப் பிடித்து ரெண்டு உதறு. அந்த உதறலில் எழும்புவதுதான் மிக நைசான பொடி. பையனின் புருவமும் இமையும் வெள்ளையாகிவிட்டன. முகத்தில் கட்டியிருந்தது ஒரு கைக்குட்டை. அண்ணனும் அப்படித்தான் கட்டியிருப்பார், நனைத்துக் கட்டினால் போதும் என்று மற்றவர்களுக்கும் சொல்லித்தருவார்.

கண்ணுக்குத் தெரிகிற பொடி மூக்கிலும் தொண்டையிலும் நின்று, சளியோடு வெளியே வந்துவிடும். தெரியாத பொடி நுரையீரலின் கடைசி அறை வரை போகும். அங்கே தங்கிய சிலிக்காத் துகளை உடம்பால் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. அதைச் சுற்றித் தழும்பு கட்டுகிறது. தழும்பு பெருகப் பெருக மூச்சுக்கு இடமில்லை. சிலிக்கோசிஸ் என்று பெயர். வந்த தழும்பைப் போக்க மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் வளரும். இந்த நோய் உள்ளவர்களுக்குக் காசநோயும் எளிதில் பற்றும். புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையிலேயே சிலிக்காத் தூசியை 1997இல் சேர்த்துவிட்டார்கள்.

செராமிக் காலேஜில் டிப்ளமோ படித்தபோது குவார்ட்ஸைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். சூட்டில் அது எப்படி விரியும், பீங்கானுக்கு என்ன உறுதி தரும் என்று. மனுஷ நெஞ்சில் அது என்ன செய்யும் என்பதை அண்ணனின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த அன்றுதான் புரிந்துகொண்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பேனரில் என்ன எழுதுவது என்பதில் இன்று பெரிய சண்டை. பண உதவி செய்ய ஒப்புக்கொண்ட ஒரு முதலாளி, "உடல்நலக் குறைவால் மறைந்த" என்று போடச் சொல்கிறார். நோயின் பெயரைப் போட்டால் அதிகாரிகள் வருவார்கள், ஆர்டர் போகும் என்று பயம். சிறு பட்டறை நடத்துகிறவரின் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். மோர்பி டைல்ஸும் பிளாஸ்டிக் சாமான்களும் வந்த பிறகு ஃபியூஸ் கேரியரையும் அகல் விளக்கையும் நம்பி இந்தப் பேட்டை எப்படி மூச்சு விடுகிறது என்பது எனக்குத் தெரியும்.

ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. 1948இல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்திலேயே சிலிக்கோசிஸ் அறிவிக்க வேண்டிய நோய். கண்டுபிடிக்கும் டாக்டர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அண்ணனுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் டிபி என்றே மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. புதுச்சேரி ஜிப்மருக்குப் போன பிறகுதான் அந்தக் கேள்வியே வந்தது. நோயின் பெயரைச் சொல்லாமல் அவருக்காக நடப்பதென்றால் நான் நடக்கத் தயாரில்லை. சொன்னேன். சூளைக்காரர் என் பக்கம் நின்றார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அண்ணி வீட்டுக்குப் போனோம். பேனரில் அண்ணன் படம் போடலாமா என்று கேட்கத்தான். "படம் வேணாம்மா. பேரு போடு, என்ன சீக்குன்னும் போடு. டிபின்னு சொல்லி எங்க தட்டுல கூட யாரும் சாப்பிடல" என்றார். பிறகு, பெண்ணின் காலேஜ் ஃபீஸுக்கு இதிலிருந்து ஏதாவது கிடைக்குமா என்று நேராகவே கேட்டார். கேட்டது நியாயம். எக்ஸ்ரேவுக்கு முன்னால் அதுதான் என்று அங்கேயே பேசி முடித்தோம்.

வசூலுக்குக் கிலோமீட்டர் கணக்கு வைத்திருக்கிறோம். ஒருவர் நடக்கிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தெரிந்தவர்கள் தங்களால் முடிந்ததைத் தர வேண்டும். இதைக் கடைத்தெருவில் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. கொளஞ்சியப்பருக்குக் குறையை எழுதிப் பிராது கட்டும்போதும் கட்டுகிறவரின் ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துத்தானே பணம் வாங்குகிறார்கள்!

ஏப்ரல் 27, ஞாயிறு

விடியும் முன்பே பேட்டை வாசலில் கூடினோம். பெண்கள்தான் அதிகம், பொம்மைக்கும் விளக்குக்கும் பிசிறு எடுக்கிறவர்கள். பேனரில் அண்ணன் பெயர், அதன் கீழே ‘சிலிக்கோசிஸ்’, அதன் கீழே ‘வேலை செய்யும் இடத்துத் தூசியால் வரும் நுரையீரல் நோய்’. பாலக்கரையில் டீக்கடை வாசலில் நின்றவர் சத்தமாக எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்துவிட்டு, "எங்கப்பாவும் மண்ணு வேலைதாம்மா" என்று கூடவே நடந்து வந்தார்.

மில் ரூம் பையனுக்கு வேகமாக நடக்க முடிகிறது. சூளைக்காரர் ரெண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. முதல் எக்ஸ்ரே அவருக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

கோயிலில், எங்களில் மூத்த அக்கா பிராது எழுதணும் என்றார். ஊர், பேர், விலாசம் எல்லாம் முறைப்படி எழுதி, "எங்க பட்டறைப் புள்ளைங்க நெஞ்சுல பொடி அண்டாம பார்த்துக்கணும்" என்று சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கொளஞ்சியப்பர் முன் வைத்து வாங்கி, அதே கோயில் முனியப்பரிடம் கட்டினார். கோரிக்கை நிறைவேறியதும் வந்து வாபஸ் வாங்க வேண்டும், நினைவிருக்கட்டும் என்று எங்களிடம் சொல்லி வைத்தார்.

ஏப்ரல் 28, திங்கள்

கடலூர் கலெக்டர் ஆபீஸ், குறைதீர்க்கும் நாள். நேற்றுக் கோயிலுக்கு எழுதிய அதே கையால் இந்த மனுவையும் எழுதியிருந்தேன். இதில் கோரிக்கைகள் விவரமாக இருந்தன. மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் ஆட்கள் மிகக் குறைவாக இருந்தால் தொழிற்சாலைச் சட்டத்தின் கண்ணிலேயே அது படாது, எங்கள் பேட்டையில் அப்படிப்பட்டவை நிறைய. அவற்றுக்கும் சேர்த்துப் பரிசோதனை முகாம் வேண்டும். ராஜஸ்தானில் 2019இல் இந்த நோய்க்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தார்கள். நோய் உறுதியானால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். அங்கே கல் குவாரித் தொழிலாளர்கள் வருஷக்கணக்காகக் கேட்டு வாங்கியது. தமிழ்நாட்டிலும் அது வேண்டும்.

மனு வாங்கியவர் சிலிக்கோசிஸ் என்றால் என்ன என்று கேட்டார். அண்ணி விளக்கிச் சொன்னார். என்னைவிடத் தெளிவாகச் சொன்னார்.

மே 2, வெள்ளி

சேர்ந்த பணத்தில் ஃபீஸுக்கு எடுத்து வைத்தாயிற்று. மீதியில் முதல் குழு எக்ஸ்ரே எடுத்து வந்தது. சூளைக்காரர் படத்தை ஜிப்மருக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள். எக்ஸ்ரே எடுக்கும்போதே என்ன வேலை, எத்தனை வருஷம் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புகிறோம். டாக்டர் கேட்காவிட்டாலும் அது பேசும்.

பிசிறு மேசையில் இன்று ஒரு மாற்றம். அச்சிலிருந்து எடுத்த பிள்ளையாருக்கு ரெண்டு பக்கமும் ஓடுகிற தையல் கோட்டை, காய்ந்த பிறகு கத்தியால் சுரண்டுவதுதான் வழக்கம். சுரண்டச் சுரண்டப் பொடி மடியில் விழும். இனிமேல் ஈரப்பதம் இருக்கும்போதே கோட்டை எடுத்து, நனைத்த ஸ்பாஞ்சால் துடைக்கச் சொல்லிவிட்டேன். தும்பிக்கை வளைவில் ஸ்பாஞ்சு சரியாக நுழையவில்லை, ரெண்டு மூன்று உடைந்தன. அக்கா ஸ்பாஞ்சைக் கூராக வெட்டிக் குச்சியில் கட்டிக்கொண்டார். மதியத்துக்கு மேல் ஒன்றும் உடையவில்லை.

பேனர் சண்டை போட்ட முதலாளி சாயங்காலம் வந்து மேசையைப் பார்த்தார். ஒரு நாளைக்கு எத்தனை உருப்படி குறையும் என்று கேட்டார். கொஞ்சம் குறையும் என்றேன். மில் வாய்க்கு மேலே தூசி உறிஞ்ச ஒரு ஃபேன் போட எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கச் சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை கொட்டேஷன் வாங்க வேண்டும். காலிச் சாக்கை உதறக் கூடாது, தண்ணீர் தெளித்து மடிக்க வேண்டும் என்று மில் ரூம் கதவில் எழுதி ஒட்டியாயிற்று. பையனையே எழுத வைத்தேன்.