கார் ரெடி, பிளக் பாயிண்ட் எங்கே?

சென்னையில் கார் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அதைச் சென்னைக்காக வாங்குவதில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போக வாங்குகிறார்கள். மற்ற நாளெல்லாம் அது நகருக்குள்ளேயே முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு, அபார்ட்மென்ட் தூணோரம் உறை போர்த்திக் கிடக்கும். ஆனாலும் மின்சாரக் கார் என்று பேச்செடுத்தால், அந்த மற்ற நாட்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "ஒரு சார்ஜில் திருநெல்வேலி போகுமா?" என்றுதான் கேட்கிறார்கள்.

போகாது. திருநெல்வேலி 600 கிலோமீட்டருக்கு மேல். விளம்பரத்தில் 450 என்று போட்டிருக்கும் காரை, ஏசியும் போட்டு நெடுஞ்சாலையில் 100-இல் விரட்டினால் 300-க்குப் பக்கத்திலேயே மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். பெட்ரோல் கார் ஊருக்குள் அதிகம் குடிக்கும், நெடுஞ்சாலையில் சிக்கனமாக ஓடும். மின்சாரக் கார் நேர்மாறு. ஊருக்குள் ஒவ்வொரு சிக்னலிலும் காலை எடுக்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தி, கொஞ்சம் கரெண்டை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. நெடுஞ்சாலையில் அதற்கு வேலையில்லை. வேகம் கூடக் கூட காற்றின் எதிர்ப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

என் மச்சான் நெக்ஸான் மின்சாரக் கார் வைத்திருக்கிறார். அவரோடு திருச்சிக்குப் போனபோது விக்கிரவாண்டி தாண்டி ஒரு ஹோட்டலில் சார்ஜ் போட ஒதுங்கினோம். மெஷினில் இரண்டு கன். ஒன்றில் 'ரிப்பேர்' என்று எழுதிய அட்டையை செலோடேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். இன்னொன்று வேறொரு காரில் செருகியிருந்தது; திரையில் 84 சதவீதம். காரில் ஆள் இல்லை. மச்சான் ஹோட்டலுக்குள் போய் மேஜை மேஜையாக, "வெளியே பச்சை நம்பர் பிளேட் வண்டி யாருதுங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கடைசி மேஜையில் ஒருவர் பரோட்டாவைப் பிய்த்தபடி, "நம்மளுதுதான் சார், நூறு ஆயிடட்டும், எடுத்துடறேன்" என்றார். பாஸ்ட் சார்ஜரில் 80-க்கு மேல் பேட்டரி மெதுவாகத்தான் வாங்கும். அந்தக் கடைசி இருபதுக்கு ஆகும் நேரத்தில் அடுத்த கார் பாதி ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். இதை மச்சான் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவரும் நல்ல மனுஷர், கையைக் கழுவிவிட்டு வந்து கன்னைக் கழற்றினார். அதற்கப்புறம் செயலியைத் திறந்து, வாலட்டில் பணம் போட்டு, ஓடிபி வருவதற்காகக் காத்திருந்த கதை தனி.

இவ்வளவுக்கும் திருச்சி போய்ச் சேர ஒரு மணி நேரம்தான் கூட ஆயிற்று. அவர் மனைவி, என் தங்கை, கூட வந்தால் எந்தக் காரிலும் அந்த ஒரு மணி நேரம் போகத்தான் செய்யும். ஆகவே நெடுஞ்சாலைப் பயம் கொஞ்சம் நிஜம், நிறைய கற்பனை என்பது என் கட்சி. பண்டிகைக்கு முந்தைய இரவில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும்போது இந்தக் கணக்கு செல்லாது. ஆனால் அன்று பரனூர் சுங்கச்சாவடியில் எந்தக் காரின் கணக்கும் செல்லாது.

மச்சானுக்கு வசதி எங்கே இருக்கிறதென்றால், போர்டிகோவில். சொந்த வீடு. ராத்திரி 15 ஆம்ப் பாயிண்டில் செருகிவிட்டுத் தூங்கப் போகிறார். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் தாண்டினால் கட்டணம் வேறு படிக்குத் தாவிவிடும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். கார் வந்ததும் அவர் வீட்டு பில் தாவியது. தங்கை ஒரு பாட்டம் பாடினாள். கணக்குப் போட்டால் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இரண்டு மாதத்தில் 300 யூனிட் ஆகும். யூனிட் 10 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 3,000. அதே தூரத்துக்கு, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு 13,000 ஆகிவிடும். என்ன, பங்கில் போகிற பணம் ஐந்நூறும் ஆயிரமுமாகப் போவதால் உறைப்பதில்லை. ஈபி பில் மொத்தமாக வந்து நிற்கிறது.

ஆக, லாபம் நிறைய ஓட்டுகிறவருக்குத்தான். அப்படியானால் முதலில் மாறியிருக்க வேண்டியவர்கள் டாக்ஸி ஓட்டுகிறவர்கள். விமான நிலையத்திலிருந்து ஒருமுறை கம்பெனி மின்சார டாக்ஸியில் வந்தேன். "சொந்தமா ஒண்ணு எடுக்கலாமே தம்பி?" என்று கேட்டேன்.

"எடுக்கலாம் சார். கிளட்ச் கிடையாது, சாயங்காலம் முட்டி வலிக்கிறதில்ல. ஓட்ட இதவிட சொகம் வேற இல்ல. ஆனா நான் இருக்கறது வியாசர்பாடி, மாடி போர்ஷன். வண்டி தெருவுல நிக்கும். மாடியிலேர்ந்து வொயர் தொங்கவிட்டா ஹவுஸ் ஓனர் எங்களயும் சேத்து கீழ இறக்கிடுவாரு."

பொது சார்ஜரில் போடலாம். ஆனால் அங்கே கட்டணம் வீட்டைப் போல இரண்டு மடங்கு, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. காத்திருக்கும் நேரத்தில் சவாரியும் போய்விடும். நாளைக்கு முப்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவரிடம் போர்டிகோ இருக்கிறது. 200 கிலோமீட்டர் ஓட்டுகிறவரிடம் தெரு இருக்கிறது.

காரைச் செய்வதற்கு நம் ஊர் தயாராகிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் கிரெட்டா மின்சாரக் கார் தயாராகிறது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்பாஸ்ட் ஆலையும் திறந்தாகிவிட்டது. மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். தமிழக அரசு சாலை வரியைத் தள்ளுபடி செய்து வந்திருக்கிறது. ஓட்டுகிறவர் தயாரா என்ற கேள்வியை இனி அபார்ட்மென்ட் சங்கச் செயலாளரிடம் கேட்பதுதான் முறை.

எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒருவர் தன் பார்க்கிங்கில் பாயிண்ட் வைக்க அனுமதி கேட்டார். தீப்பிடிக்கும் என்றார் ஒருவர். பொது மீட்டரில் போட்டால் பில் யார் கட்டுவது என்றார் இன்னொருவர். லோடு தாங்காது என்றார் மூன்றாமவர். ஓய்வுபெற்ற மின்வாரியக்காரர் ஒருவர் எழுந்து, "15 ஆம்ப் பாயிண்டில் ஒரு கார் இழுப்பது 3 கிலோவாட், ஒரு பெரிய கீசர் அளவு. காலையில் ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் கீசர் போடுகிறீர்களே, அப்போது தாங்குகிற கட்டடம் ராத்திரி ரெண்டு மணிக்குத் தாங்காதா?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அனுமதியும் தரவில்லை.

2019-இல் மத்திய அரசு மாதிரிக் கட்டட விதிகளைத் திருத்தி, புதிய கட்டடங்களின் பார்க்கிங்கில் 20 சதவீதத்துக்குச் சார்ஜ் வசதி வேண்டும் என்றது. பழைய கட்டடங்களில் இருக்கும் நம் கதை அதில் வரவில்லை. நார்வேயில் 2024-இல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது கிட்டத்தட்ட மின்சாரக் கார். குளிர் ஊர், தூரமும் அதிகம். அங்கே அடுக்ககச் சங்கம் தகுந்த காரணமில்லாமல் சார்ஜ் பாயிண்ட் கேட்கிறவரை மறுக்க முடியாது, சட்டமே அப்படி. லண்டனில் சார்ஜ் பாயிண்டைத் தெருவிளக்குக் கம்பத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

இரண்டும் நம்மால் ஆகாத காரியங்கள் அல்ல. சங்கச் செயலாளர்களே, யாராவது பாயிண்ட் கேட்டால் அவர் செலவில் தனி மீட்டர் வைத்துக்கொள்ள விடுங்கள். மாநகராட்சி, வியாசர்பாடித் தெருக் கம்பங்களிலிருந்து ஆரம்பிக்கட்டும்.