மாலைக்குள் விற்றாக வேண்டிய சரக்கு

சென்னை நடைபாதைகளில் பூ விற்போரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இட ஆக்கிரமிப்பிலேயே தொடங்கி அதிலேயே முடிகிறது. அங்கே ஒரு கைத்தொழில் நடக்கிறது என்பதும், அது கையில் படிய ஆண்டுகள் ஆகும் என்பதும் யார் கணக்கிலும் வருவதில்லை.

கோயம்பேட்டில் விடியுமுன் எடைக்கு வாங்கும் உதிரி, அதாவது கட்டப்படாத மல்லிகை மொட்டு, மாலையில் விரியத் தொடங்கும் என்பதால் அதற்குள் சரமாகி விற்றுப்போக வேண்டும். நனைத்த வாழைநாரில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என மொட்டுகளை எதிரெதிராக வைத்துச் சுருக்கிடுவது ஒரு கண்ணி. சுருக்கு இறுகினால் காம்பு அறும், தளர்ந்தால் தலையில் வைக்குமுன்பே பூ உதிரும். இதைவிடக் கடினமானது ஈரம். தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் பூ வாடாது என்று வாங்குவோர் நம்புகின்றனர். உண்மையில் மொட்டின்மேல் நீர் தேங்கினால் இதழ் பழுப்பேறிவிடும். ஆகவே ஈரத்துணியை விரித்துப் பூவை வைத்து, இன்னொரு ஈரத்துணியால் மூடி, சித்திரை வெயிலில் எப்போது நனைப்பது, ஐப்பசி மழையில் எப்போது பிழிந்து போடுவது என்பதைத் துணியைத் தொட்டே அறிகின்றனர் தேர்ந்தவர்கள்.

இன்று வேகத்துக்காகப் பலர் நூலுக்கு மாறிவிட்டனர். நார் காம்புக்குத் தரும் குளிர்ச்சியை நூல் தராது. கண்ணிக்குக் கண்ணி விரல் நுழையும் இடைவெளி விட்டுக் கட்டி, முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீள வேண்டிய முழத்தை விரலை மடக்கி அளந்து கொடுப்பது தொழிலுக்கே இழுக்கு.

முதலுக்குப் பலரும் நம்பியிருப்பது தண்டல்: வட்டியை முன்னதாகவே பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்து, முழுத்தொகையையும் நாள்தோறும் தவணையாக வசூலிக்கும் கடன். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் கணக்கெடுப்பு முடியும்வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடத்தை வியாபாரிகளுக்கே அளிக்கிறது. இவை பெரிய உரிமைகள். ஆனால் பறிமுதலான பொருள் அழுகக்கூடியதாயின், உரியவர் கேட்ட அன்றே திருப்பித் தரவேண்டும் என்னும் விதி, பூவைக் கையாண்டவர் எழுதியதாகத் தெரியவில்லை. காலையில் கூடையோடு வண்டியில் ஏற்றப்பட்ட மொட்டு, கட்டணம் செலுத்தி மாலையில் மீட்கும்போது விரிந்து கிடக்கும். தண்டல் தவணையோ அன்றைக்கும் உண்டு. பூவுக்கு மட்டுமாவது அந்தக் கெடு மணிக்கணக்கில் வகுக்கப்பட வேண்டும்.