பவளமில்லாத தொட்டி

கோவைக்குக் கடல் கிடையாது. ஆர்.எஸ்.புரத்தில் நண்பர் ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில் ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார். மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, வடிகட்டிய சிறுவாணித் தண்ணீர், அதில் கரைத்த உப்பு. நாலு மீன், இரண்டு இறால், துளை விழுந்த பாறைத் துண்டுகள். ராத்திரி விளக்கை அணைத்து டார்ச் அடித்தால் கண்ணாடியில் புள்ளி புள்ளியாக ஏதோ ஊர்கிறது. கோப்பிபாடுகள், இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. பவளம் மட்டும் இல்லை. 2001-இல் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. புலி இருக்கிற அட்டவணை அது.

"பவளமே இல்லாம இதென்னங்க பவளத் தொட்டி?" என்று கேட்டேன்.

"பவளம்ங்கறது ஒத்தையா ஒண்ணு இல்லீங்க. இதுகளையுஞ் சேத்தித்தான்" என்றார்.

சமாதானத்துக்குச் சொன்னது என்றே நினைத்தேன். அப்படியில்லை. போசிலோபோரா என்ற பவளத்தின் கிளைகளுக்கிடையே டிரபீசியா என்றொரு நண்டு குடியிருக்கிறது. நகத்தளவு. பவளம் கசியவிடும் கோழையே அதற்குச் சோறு. முள்முடி நட்சத்திர மீன் பவளத்தைத் தின்ன வரும்போது அதன் குழல்கால்களைக் கிள்ளி விரட்டுகிறது. பீட்டர் கிளின் பனாமாவில் இதைக் கவனித்து 1970களில் எழுதினார். 2006-இல் வெளியான மூரியா தீவு ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: கிளைகளில் படியும் வண்டலையும் இந்த நண்டே அப்புறப்படுத்துகிறது. நண்டை எடுத்துவிட்ட பவளங்கள் பல ஒரே மாதத்தில் மடிந்தன.

தொட்டியில் நிலைமை வேறு. மீனுக்கு வெண்புள்ளி நோய் கண்டால் தாமிர மருந்து விடுவது வழக்கம். நம் தோட்டக்காரர்கள் அறிந்த மயில்துத்தத்தின் வகை. மீன் பிழைக்கும், இறால் சாகும். அக்ரோபோரா பவளத்தில் ஒட்டி வாழும் செம்பூச்சி ஒன்றுண்டு, அதுவும் கோப்பிபாடுதான். அதை ஒழிக்க வெளிநாட்டுத் தொட்டிக்காரர்கள் நாயின் இதயப்புழுவுக்குத் தரும் மாத்திரையைக் கரைத்து விடுகிறார்கள். பூச்சி சாகிறது. காவல் நண்டும் சாகிறது. மருந்துக்கு இரண்டும் ஓரினம்.

அழகான ஒன்றை அதன் பரிவாரத்திலிருந்து பிரித்து, கழுவி, வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கும் ஆசை தொட்டிக்காரர்களுடையது மட்டுமல்ல என்று எனக்குப் படுகிறது. படிமத்தை அப்படிப் பார்ப்பவர்கள் நம்மிலும் உண்டு. ஆனால் இதை உவமையாக நீட்ட விருப்பமில்லை. உவமையானதும் நண்டு காணாமல் போய்விடும்.

மன்னார் வளைகுடாவில் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பியிருக்கிறோம். 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. 1998, 2010, 2016 வெப்பங்களில் மிச்சப் பவளமும் வெளுத்தது. நட்சத்திர மீனைக் கிள்ளுகிற நண்டு வெப்பத்தைக் கிள்ள முடியாது. பவளம் செத்தால் அதற்குச் சோறும் வீடும் ஒன்றாகப் போகின்றன. நகத்தளவுக் காவல்காரனுக்கு அந்தச் சண்டையில் இடமே இல்லை.

தனக்கொரு சிறு தொட்டி மிச்சம் இருப்பதாக நண்பர் சொன்னார். வேண்டாமென்றேன். ராத்திரியில் அவர் வீட்டுக்குப் போய் டார்ச் அடித்துப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. அந்தப் புள்ளிகளுக்குக் காக்க ஒரு பவளமும் இல்லை. அவை ஊர்ந்துகொண்டிருக்கின்றன.