மந்திர் மார்க்கில் மூச்சைக் கவனித்தல்

நவம்பர் காலை. டெல்லி மந்திர் மார்க் டிடிஇஏ தமிழ்ப் பள்ளி வாசலில் ஓர் அம்மா பையனின் முகக்கவசத்தை இழுத்துச் சரிசெய்கிறார். "கிளாஸுக்குள்ளயும் கழட்டாதே கண்ணா." அவன் தலையாட்டிவிட்டு நாலடி போனதும் அதைத் தாடைக்கு இறக்கிவிடுகிறான்.

இந்தச் சாலையிலேயே காற்றின் தரத்தை அளக்கும் அரசு நிலையம் ஒன்று உண்டு. 'சமீர்' செயலியைத் திறந்தால் 'மிக மோசம்' என்று காட்டுகிறது. நம் நாட்டு விதிப்படி பிஎம் 2.5 நுண்துகள் 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த வரம்பு 15. இதையெல்லாம் படித்தால் வயிற்றைப் பிசைகிறது. கவலை காற்றோடு நிற்பதும் இல்லை: 2021இல் இந்தியா உட்பட 10 நாடுகளில் 10,000 இளையோரிடம் நடத்திய ஆய்வில், 59 விழுக்காட்டினர் பருவநிலை மாற்றத்தை நினைத்து மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். பயத்துக்குக் காரணம் உண்மையானது. ஆகவே 'எல்லாம் மனப்பிரமை' என்று யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம்.

இதே சாலையில், 1939இல் காந்தி திறந்துவைத்த பிர்லா மந்திரில் கூட்டம். அதை ஒட்டிய புத்த விகாரைக்குள் போய் உட்கார்ந்தேன். மூச்சை அடக்காமல், ஆழமாக்காமல், வருவதையும் போவதையும் வெறுமனே கவனிப்பதுதான் பௌத்தரின் ஆனாபானசதி. டெல்லிக்கு அது தோதுதான். இங்கே நெஞ்சு நிறைய இழுக்கச் சொல்வது பாவம்! முதலில் தெரிந்தது தொண்டைக் கரகரப்பு. பிறகு, தோள்கள் காதருகே ஏறி நிற்பது. பற்கள் கடித்தபடி இருந்தன. தாடையைத் தளர்த்தினேன், தரையின் சில்லிப்பு கணுக்காலில் உறைத்தது. கவலை போகவில்லை. ஆனால் உடம்பு முழுக்கப் பரவிக் கிடந்தது, வயிற்றில் ஓர் இடத்துக்குச் சுருங்கியது. அந்த அளவுக்கு வந்தபின் யோசிக்க முடிகிறது.

கோயிலுக்குப் பின்னால் ரிட்ஜ் காடு. ஆரவல்லித் தொடரின் வால். எங்கோ மயில் அகவுகிறது. பச்சையைப் பார்த்து மனம் குளிர நினைத்தால், பெரும்பாலும் சீமைக் கருவேலம்! ராமநாதபுரத்துக்காரருக்கு அறிமுகம் தேவையில்லை. புதுடெல்லியைக் கட்டிய வெள்ளைக்காரர்கள் இங்கே நட்டது. உள்ளூர் மரங்களை நெருக்கித் தள்ளிவிட்டது. இருந்தாலும் முள்ளுக்கிடையே தவிட்டுக்குருவிகள் கூச்சலிடுகின்றன; அவற்றைக் கேட்டபடி கொஞ்ச நேரம் நின்றேன். சுத்தமான இயற்கைக்காகக் காத்திருந்தால் டெல்லிவாசிக்கு ஆயுள் போதாது.

காற்றுத்தரக் குறியீடு 200ஐத் தாண்டும் நாட்களில் இந்தப் பயிற்சியை வீட்டுக்குள்ளேயே செய்யுங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பிராணாயாமத்தில் இறங்க வேண்டாம். தோள் இறங்கியதும் எழுந்து, தெருமுனையில் யாராவது குப்பை கொளுத்தினால் 'சமீர்' செயலியிலேயே ஒரு புகாரும் போட்டுவிடுங்கள்.