வழித்துணை

பழகிய ஊரை விட்டுப் புதிய ஊருக்குச் செல்பவன், அங்கே வழி தெரிந்த ஒருவரையே முதலில் தேடுகிறான். பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் காலடி வைக்கும் மாணவனின் நிலையும் அத்தகையதே. பள்ளியில் ஆசிரியர் அவனைப் பெயர் சொல்லி அழைப்பார். ஒரு நாள் வராவிட்டால் காரணம் கேட்பார். கல்லூரியிலோ பாடத்திற்கு ஓர் ஆசிரியர், வேளைக்கு ஓர் அறை. நூலகத்தின் கதவு திறந்தே இருக்கும். உள்ளே செல் என்று சொல்வார் இலர். அங்கே உரிமை மிகுதி. ஆயினும், அவ்வுரிமையே தொடக்கத்தில் தனிமையாகத் தோன்றும்.

அந்நிலையில் மூத்த மாணவரைக் கண்டு புதியவர் அஞ்சி ஒதுங்கிய காலம் ஒன்று இருந்தது. ராகிங் என்னும் கொடுமையே அதற்குக் காரணம். அதனைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. 2009ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது. அவ்விதிகள் கொடுமையைத் தடை செய்வதோடு நில்லாமல், புதிய மாணவர் அறுவருக்கு ஒருவர் வீதம் மூத்த மாணவர் தாமே முன்வந்து வழிகாட்டுதல் வேண்டும் என்றும் கூறின. களையைப் பிடுங்கிய இடத்தில் பயிரை நட வேண்டும் அன்றோ?

மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் இளநிலை வகுப்பின் மூன்றாம் ஆண்டில் நான் பயின்றபோது, அத்தொண்டில் நானும் சேர்ந்தேன். என் பொறுப்பில் அறுவர் விடப்பட்டனர். புதன்கிழமை தோறும் மாலையில் விடுதியின் முன்னுள்ள வேப்பமரத்தடியில் நாங்கள் கூடுவோம். உதவித்தொகைக்கு எவ்வாறு விண்ணப்பிப்பது, நூலகத்தில் எவ்வாறு நூல் பெறுவது, ஆய்வுக்கூடக் குறிப்பேட்டை எவ்வாறு எழுதுவது என்று அவர்கள் கேட்டவற்றுக்கெல்லாம் நான் விடை கூறினேன். விடை கூறக் கூற என் உள்ளத்தில் பெருமிதம் வளர்ந்தது. எல்லாம் அறிந்தவனாக அவர்கள் முன் அமர்ந்திருப்பது எனக்கு இனிமையாக இருந்தது.

அறுவருள் ஒருவன் முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்தவன். வானம் பார்த்த பூமியில் மிளகாய் விளைவிக்கும் குடும்பம் அவனுடையது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிலேயே பயின்றவன். அவன் மிகுதியாகப் பேசுவதில்லை. ஒரே ஒரு நாள் தலையைக் குனிந்தவாறு, “அண்ணே, நீங்கள் எப்பொழுதாவது தேர்வில் தவறியதுண்டா?” என்று கேட்டான்.

உண்மையில் நான் தவறியிருந்தேன். முதற் பருவத்தில், துணைப் பாடமாகிய கணிதத்தில் தோற்று, அதனை அரியராகச் சுமந்து, அடுத்த பருவத்தில் மீண்டும் எழுதித் தேறினேன். ஆனால், அதனைச் சொன்னால் என் மதிப்புக் குறையும் என்று அஞ்சினேன். “முயன்று படித்தால் யாரும் தவற மாட்டார்கள், தம்பி” என்று கூறிப் பேச்சை மாற்றினேன். அவன் தலையசைத்தான். அதன்பின் அவன் என்னிடம் எதனையும் கேட்கவில்லை.

முதல் அகமதிப்பீட்டுத் தேர்வு முடிந்தது. அடுத்த இரண்டு புதன்கிழமைகளிலும் அவன் மரத்தடிக்கு வரவில்லை. கேட்பதற்கு அவனுக்கு ஐயம் ஒன்றும் இல்லை போலும் என்று நான் எண்ணிக்கொண்டேன். அவனுடைய மௌனத்தை நான் அமைதி என்று கருதியது என் பிழை. மூன்றாம் வாரம், அவனுடன் தங்கியிருந்தவன் என்னிடம் விரைந்து வந்து, “அண்ணே, அவன் பெட்டியைக் கட்டிவிட்டான். காலையில் முதல் பேருந்தில் ஊருக்குப் போகிறானாம், இனி வரமாட்டானாம்” என்றான்.

நான் அவனது அறைக்கு ஓடினேன். கயிற்றால் கட்டிய தகரப் பெட்டி கதவோரம் இருந்தது. அவன் சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தான். “புரட்டாசி பிறந்துவிட்டது, அண்ணே. விதைப்பு வேலைக்கு அப்பாவுக்கு ஆள் வேண்டும். இங்கே வகுப்பில் ஒன்றும் புரியவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் புரிகிறது” என்றான்.

நான் அறிவுரை கூறத் தொடங்கினேன். பெற்றோரின் நம்பிக்கையைச் சொன்னேன். கல்வியின் சிறப்பைச் சொன்னேன். என் சொற்கள் கவிழ்த்த குடத்தின்மேல் வார்த்த நீர்போல வழிந்தோடின. அப்போதுதான் அவன் முன்பு கேட்ட அந்த ஒற்றைக் கேள்வி என் நினைவுக்கு வந்தது. எழுந்து என் அறைக்குச் சென்றேன். என் முதற் பருவ மதிப்பெண் பட்டியலைக் கொணர்ந்து அவன் கையில் கொடுத்தேன்.

அவன் அதனை நெடுநேரம் பார்த்தான். கணிதத்திற்கு நேரே தோல்வி என்று அச்சிட்டிருந்தது.

“அன்றைக்கே ஏன் சொல்லவில்லை, அண்ணே?”

“வெட்கம், தம்பி” என்றேன். வேறு விடை என்னிடம் இல்லை.

அவன் முகத்தில் சிறிது தெளிவு தோன்றியது. “எனக்கு மட்டுந்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்” என்று சொல்லித் தன் குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்தான். அதில் பாதிப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. ஒரு பக்கத்தில் ‘டார்க்’ என்னும் சொல்லைக் காதால் கேட்டவாறே தமிழ் எழுத்தில் எழுதி, அதனைச் சுற்றி ஒரு வட்டம் இட்டிருந்தான்.

நான் அறைக்கதவைக் காட்டி, “கீலுக்கு அருகில் கைவைத்துத் தள்ளினால் இக்கதவைத் திறப்பது ஏன் கடினம்?” என்று வினவினேன். அவன் தயங்காமல், “கீலிலிருந்து தொலைவு குறைவு. விசையையும் செங்குத்துத் தொலைவையும் பெருக்கினால் கிடைப்பதுதான் திருப்பு விசை. தொலைவு குறைந்தால் விசையைக் கூட்ட வேண்டும்” என்றான்.

“நீ வட்டமிட்டு வைத்திருக்கும் சொல்லுக்கு அதுதான் பொருள்” என்றேன்.

அவன் வியப்புடன் என்னை நோக்கினான். பொருள் அவனிடம் முன்பே இருந்தது. பெயர்தான் அவனுக்குப் புதிது. அன்றிரவே ஒரு குறிப்பேட்டில் நடுவே கோடு இட்டோம். விசை, முடுக்கம், உந்தம், நிலைமம் என இடப்பக்கத்தில் அவன் எழுத, அவற்றுக்குரிய ஆங்கிலப் பெயர்களை வலப்பக்கத்தில் நான் எழுதினேன். நாளுக்குப் பத்துச் சொற்கள் என்று முடிவு செய்தோம். மறுநாள் காலையில் முதல் பேருந்து அவனை ஏற்றிக்கொள்ளாமலே சென்றது.

அக்குறிப்பேடு ஒன்றே போதும் என்று நான் இருந்துவிடவில்லை. அவனைத் துறைப் பேராசிரியரிடம் அழைத்துச் சென்றேன். அவர் மாலை வேளைகளில் அவனுக்கெனச் சிறிது நேரம் ஒதுக்கினார். தன்னால் இயலாததை இயன்றவரிடம் ஒப்படைப்பதும் வழிகாட்டியின் கடமை என்பதை அப்போது உணர்ந்தேன். முதற் பருவத்தில் அவன் எல்லாப் பாடங்களிலும் தேறிவிட்டான் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஒரு பாடத்தில் தவறினான். ஆனால், அதற்காக அவன் பெட்டியைக் கட்டவில்லை. அடுத்த பருவத்தில் எழுதித் தேறினான்.

நான் கல்லூரியை விட்டு வந்த பின்னர், அவன் மூன்றாம் ஆண்டை எய்தினான். அவன் பொறுப்பிலும் அறுவர் விடப்பட்டனர் என்று கேள்வியுற்றேன். முதல் நாள் மாலையிலேயே, அவர்கள் கேளாமுன், தான் தவறிய பாடத்தைப் பற்றி அவர்களிடம் கூறினானாம். ஓராண்டு முழுதும் நான் அரிதிற் கற்றதை அவன் முதல் நாளிலேயே செய்துவிட்டான்.

மாணவ நண்பர்களே, நீங்களும் ஒரு நாள் புதிய வாயிலில் நிற்பீர்கள். பின்னொரு நாள் அவ்வாயிலில் மூத்தவராக நின்று பிறரை வரவேற்பீர்கள். அறுவருக்கு ஒருவர் என்று விதி வகுத்துவிடலாம். அந்த ஒருவர் உண்மை பேச வேண்டும் என்று எவ்விதியாலும் கட்டளையிட முடியாது. அதனை அவரவர் உள்ளமே இட வேண்டும். கேள்வி கேட்பவனுக்கு விடை கூறுங்கள். கேளாதிருப்பவனை நீங்களே தேடிச் செல்லுங்கள். செல்லும்போது, நீங்கள் பெற்ற பரிசுகளோடு, நீங்கள் இடறி விழுந்த இடத்தையும் அவனுக்குக் காட்டுங்கள். விழுந்தவர் எழுந்து நடந்ததை ஒருமுறை கண்டவன், தான் இடறும்போது வழியை விட்டுத் திரும்ப மாட்டான்.